எடையைக் குறைக்கும்போது தூக்கத்தைக் குறைக்காதீர்கள்

வணக்கம். உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் முதலில் கைவைப்பது தட்டில் இருக்கும் சோற்றில். அதற்கு அடுத்தபடியாகக் கைவைப்பது தூக்கத்தில். இரவு பதினொன்றரை மணிக்குப் படுத்துவிட்டு, நடைப்பயிற்சிக்காக அதிகாலை நாலரை மணிக்கே அலாரம் வைத்து எழுந்து செல்பவர்களை நம் தெருக்களில் அன்றாடம் பார்க்கிறோம். அவர்களுடைய மன உறுதியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனாலும், அந்த ஐந்து மணி நேரத் தூக்கம் அவர்கள் வாயைக் கட்டிப் பெற்ற பலனில் பெரும் பங்கைப் பறித்துக்கொள்கிறது. அது எப்படி என்பதையும், மாத்திரையின் துணையின்றித் தூக்கத்தைச் சீராக்கும் வழிகளையும் இந்தக் காணொளியில் விளக்குகிறேன்.

2010ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அதிக எடை கொண்ட 10 பேரை, 14 நாட்கள் வீதம் இரண்டு கட்டங்களாக ஆய்வகத்திலேயே தங்க வைத்து, இரண்டு கட்டங்களிலும் கலோரி குறைக்கப்பட்ட உணவையே கொடுத்தார்கள். ஒரு கட்டத்தில் இரவில் எட்டரை மணி நேரமும், மற்றொரு கட்டத்தில் ஐந்தரை மணி நேரமும் மட்டுமே படுக்கையில் இருக்க அனுமதித்தார்கள். இரண்டு முறையும் எடை ஏறக்குறைய 3 கிலோ குறைந்தது. எடை இயந்திரத்தை மட்டும் பார்த்திருந்தால், தூக்கத்தால் எந்த வேறுபாடும் இல்லை என்றே முடிவுக்கு வந்திருப்பார்கள். ஆனால் குறைந்தது எது என்று பிரித்துப் பார்த்தபோது, நன்றாகத் தூங்கிய கட்டத்தில் 1.4 கிலோ கொழுப்பு கரைந்திருந்தது. தூக்கம் குறைந்த கட்டத்தில் 0.6 கிலோதான் கரைந்திருந்தது. எஞ்சிய எடை தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத திசுக்களிலிருந்து போயிருந்தது. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். இருந்தாலும் அதே மனிதர்களை இரண்டு நிலைகளிலும் வைத்துச் சோதித்ததால், இந்த வேறுபாட்டை நான் மிகுந்த கவனத்துடன் எடுத்துக்கொள்கிறேன்.

தசை போனால் என்ன, எடை குறைந்தால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். நாம் சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும் பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். சர்க்கரை நோய் பரம்பரையாக வரும் குடும்பங்கள் நிறைந்த நம் ஊரில், தசையை இழந்து கொழுப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் எடைக் குறைப்பு யாருக்கும் நன்மை தராது. நாற்பது வயதைக் கடந்த பெண்கள் இதை இன்னும் கூடுதலாக மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது பசி. அதே பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை வைத்துச் செய்து 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டபோது, வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் உயர்ந்தது. ஆகவே, தூங்காத நாளின் மாலையில் பஜ்ஜிக் கடையைத் தாண்டிச் செல்ல முடியாமல் போவதை மனவலிமைக் குறைவு என்று எண்ணி உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். இதன் மறுபக்கத்தை 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிவந்த, அதிக எடை கொண்ட 80 பேரில் ஒரு பாதியினரை, முன்பு தூங்கியதைவிட ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாகத் தூங்கப் பழக்கினார்கள். உணவைக் குறைக்கும்படி எவரும் சொல்லாமலேயே, மற்றவர்களோடு ஒப்பிடுகையில் அவர்கள் உட்கொண்ட ஆற்றல் நாளொன்றுக்குச் சராசரியாக 270 கலோரி குறைந்தது. நம் கணக்கில் அது ஏறக்குறைய இரண்டு சாதா தோசை.

சரி, எப்படித் தூங்குவது? என்னைக் கேட்டால், இரவு உணவிலிருந்துதான் தொடங்க வேண்டும். எடை குறைப்பவர்களில் பலர் இரவில் எதுவும் சாப்பிடாமல், அல்லது இரண்டு துண்டு பப்பாளியோடு படுத்துவிடுகிறார்கள். நள்ளிரவுக்கு மேல் வயிறு கூப்பிட, விழிப்பு வந்து, பிறகு தூக்கம் பிடிக்காமல் புரண்டுகொண்டிருக்கிறார்கள். சிலர் அந்த நேரத்தில் பிஸ்கட் டப்பாவையும் மிக்சர் டப்பாவையும் திறந்துவிடுகிறார்கள். குறைக்க வேண்டிய அளவை மதியச் சோற்றிலும் மாலைப் பலகாரத்திலும் குறைத்துவிட்டு, இரவில் அளவான, புரதம் உள்ள உணவைச் சாப்பிடுவது நல்லது. பருப்பு நிறையப் போட்ட கெட்டிச் சாம்பாரோடு இரண்டு இட்லியும் ஒரு அவித்த முட்டையும் சாப்பிடலாம். சப்பாத்தியும் பாசிப்பருப்புக் கூட்டும் சாப்பிடலாம். முட்டை சாப்பிடாதவர்களுக்குச் சுண்டல் இருக்கிறது. படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்துவிட்டால், நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் தூக்கத்தைக் கெடுக்காது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு பத்து மணிக்கு மேல் மிச்சம் இருப்பதைச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மறுநாளைக்கு மாவு அரைத்து வைத்துவிட்டுப் பதினொரு மணிக்குப் படுக்கும் பெண்களிடம் "சீக்கிரம் சாப்பிடுங்கள், நேரத்தோடு தூங்குங்கள்" என்று அறிவுரை சொல்வதில் பொருளில்லை. அந்த வேலைகளை வீட்டில் உள்ள மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். மனைவியின் அல்லது அம்மாவின் உடல்நிலையில் அக்கறை உள்ளவர்கள், இரவு எட்டு மணிக்கு அவர்களையும் உடன் உட்காரவைத்துச் சாப்பிடுங்கள்.

அடுத்தபடியாகக் காபி, தேநீர். காஃபின் உடலில் பாதியாகக் குறைவதற்குப் பெரும்பாலானவர்களுக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைவிட நீண்ட நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்குக் கெட்டி டிகாஷனில் கலந்த ஃபில்டர் காபியைக் குடித்தால், பத்து மணிக்குப் படுக்கும்போதும் அதில் பாதி உங்களுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும். எடை குறையும் என்று நம்பி இரவு உணவுக்குப் பிறகு கிரீன் டீ குடிப்பவர்கள் அதிலும் காஃபின் உண்டு என்பதை அறிய வேண்டும். கொழுப்பை எரிக்கும் என்று விற்கப்படும் பொடிகள் பலவற்றிலும் காஃபின்தான் முதன்மையான சரக்கு. மதியம் இரண்டு மணிக்குப் பிறகு இவை எதுவும் வேண்டாம் என்பது என் பரிந்துரை.

நம் ஊர் வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தூக்கம் வருவதற்கு உடலின் உள் வெப்பம் சற்றுத் தணிய வேண்டும். பகல் முழுவதும் வெயில் குடித்த கான்கிரீட் கூரை இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குவதால், சித்திரை, வைகாசி மாதங்களில் மாடி வீடுகளில் உடல் தணிய வழியே இருப்பதில்லை. தண்ணீர் வசதி உள்ளவர்கள் மாலையில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளிப்பதும், மெத்தையை ஒதுக்கிவிட்டுக் கோரைப் பாயில் படுப்பதும் பயன் தரும். வெந்நீர்க் குளியலும் நல்லது. படுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்பு, 40 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலான வெந்நீரில் பத்து நிமிடம் குளித்தால் தூக்கம் விரைவாக வருகிறது என்பதை, பல ஆய்வுகளைத் தொகுத்து 2019ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை காட்டியது. வெந்நீர் பட்டவுடன் கை கால்களின் தோலுக்கு இரத்தம் பாய்ந்து, அதன் வழியாக உடலின் உள் வெப்பம் வெளியேறுவதுதான் இதற்குக் காரணம். வெயில் காலத்தில் வெதுவெதுப்பான நீரே போதும்.

நடைப்பயிற்சியை விட்டுவிடச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். நாலரை மணிக்கு இருட்டில் நடப்பதைக் காட்டிலும், ஆறரை மணிக்கு வெளிச்சத்தில் நடப்பது தூக்கத்துக்கு இரட்டை நன்மை தருகிறது. ஏனென்றால் காலை வெளிச்சம் கண்ணில் படும்போதுதான் மூளையில் உள்ள உயிரியல் கடிகாரம் அன்றைய பகலைக் குறித்துக்கொண்டு, இரவில் தூக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரத்தையும் ஒழுங்குபடுத்துகிறது. காலையில் நேரமே கிடைக்காதவர்கள் மாலையில் நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை உட்பட எல்லா நாளும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். செல்போனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள்.

படுத்து இருபது நிமிடம் ஆனதுபோல் தோன்றியும் தூக்கம் வரவில்லையென்றால், கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்து, வேறு இடத்தில் மங்கிய விளக்கொளியில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பி வந்து படுங்கள். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972ஆம் ஆண்டில் முன்வைத்த இந்த முறை, இன்றும் தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சையின் அடிப்படைகளில் ஒன்றாக இருக்கிறது. படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று மூளை பழகிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

இயற்கை முறை என்றதும் பலர் பாலில் ஜாதிக்காய்ப் பொடி கலந்து குடிப்பதைப் பற்றிக் கேட்கிறீர்கள். சமையலில் வாசனைக்குச் சேர்க்கும் ஒரு சிட்டிகையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆனால் தூக்கம் வரவில்லை என்று கரண்டிக் கணக்கில் கூட்டிக்கொண்டே போனால், அதிலுள்ள மிரிஸ்டிசின் என்ற வேதிப்பொருள் படபடப்பையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கும் நஞ்சாகிவிடும். தூக்கத்துக்காகச் சிலர் சாப்பிடும் அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணமும் தைராய்டு சுரப்பைப் பாதிக்கக்கூடியது. அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

இத்தனையும் செய்து, எட்டு மணி நேரம் தூங்கிய பிறகும் காலையில் தலை கனத்து, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் அயர்கிறதா? இரவில் பலமாகக் குறட்டை விடுகிறீர்கள், இடையிடையே மூச்சு நின்று திணறுகிறீர்கள் என்று வீட்டில் சொல்கிறார்களா? அப்படியென்றால் அது தூக்கத்தில் ஏற்படும் மூச்சுத்தடையாக இருக்கலாம். தொண்டையைச் சுற்றிச் சேரும் கொழுப்பு காற்று செல்லும் பாதையைக் குறுக்குவதால், எடை கூடியவர்களுக்கு இது அதிகம் வருகிறது. எடை குறையும்போது பலருக்குத் தணியவும் செய்கிறது. ஆனால் எடை குறையும்வரை காத்திருக்காதீர்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பார்த்து, தூக்கப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். போகும்போது, உங்கள் அருகில் தூங்குபவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்; மூச்சு நிற்பதைக் கண்ணால் பார்த்தவர் சொல்லும் விவரம் மருத்துவருக்கு மிகவும் உதவும்.