சூடில்லாமல் ஒரு வெப்ப மின்னாக்கி

வணக்கம் நேயர்களே. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர், நடுவில் தட்டையான ஒரு பீங்கான் தகடு. அந்த வெப்ப வித்தியாசம் மின்னாகிறது. சீபெக் 1821இல் கண்ட விளைவு அது. தகடு தரக்கூடிய உச்ச வலுவைத் தேடிப் பிடிக்க ஒரு மின்சுற்று வைக்கிறோம். அது சரியாகத்தான் தேடுகிறதா? அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

பலர் அடுப்பையும் தண்ணீரையும் வைத்துச் சோதிக்கிறார்கள். கொழும்பில் காலையில் குழாயில் வரும் தண்ணீர் வேறு. மொட்டைமாடித் தாங்கி வெயிலில் காய்ந்தபின், இரண்டு மணிக்கு வரும் தண்ணீர் வேறு. உச்சத்தைத் தேடும் ஒரு முறையைக் காலையிலும் இன்னொன்றைப் பின்னேரமும் சோதித்தால், ஒப்பிட்டது முறைகளையா, தண்ணீரையா?

தகட்டை ஒதுக்கி வைத்துவிடுங்கள். அதன் இடத்தில் ஒரு போலித் தகடு செய்வோம். பவர் சப்ளையில் 8 வோல்ட் வைத்து, 2 ஓம் தடையி ஒன்றைத் தொடராக இணையுங்கள். தகட்டின் அகத்தடை, அதாவது அதற்குள்ளேயே இருக்கும் மின்தடை, செய்யும் வேலையை அது செய்யும். தேடும் சுற்றை இதன் முனைகளில் இணையுங்கள். இப்போது விடை முன்கூட்டியே தெரியும்: பாதி வோல்ட்டில், அதாவது 4 வோல்ட்டில், 2 அம்பியர், 8 வாட். அதற்கு மேல் ஒரு சொட்டும் வராது.

தடையிக்காகப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிறவர்கள் 10 வாட் தடையியோடு திரும்பிவிடாதீர்கள். முனைகள் தொட்டுக்கொண்டால் 4 அம்பியர் பாயும். 32 வாட்டும் அதிலேயே சூடாகும். அலுமினிய உறை போட்ட 50 வாட் தடையியை, தடித்த அலுமினியத் தகட்டில் திருகி வையுங்கள். சப்ளையின் ஓட்ட எல்லை 5 அம்பியரில் இருக்கட்டும்.

அதிகம் நடக்கும் பிழை ஒன்று. உச்சத்தைத் தேட, மின்னை எடுக்கும் சுமையைக் கணநேரம் கழற்றி, வெறும் வோல்ட்டை அளந்து, அதில் பாதிக்குத் திரும்புவது ஒரு முறை. சுற்றின் வாசலில் மின்னைச் சேர்த்து வைக்கும் 1000 மைக்ரோபரட் கொள்ளளவி இருந்தால், 4 வோல்ட்டிலிருந்து 8க்கு அது ஏற நேரம் எடுக்கும். ஒரு மில்லிசெக்கனில் அளந்தால் 5.6 வோல்ட்தான். அதில் பாதி 2.8, கிடைப்பது 7.3 வாட். 10 மில்லிசெக்கன் பொறுத்து அளந்தால் 8க்கு வந்துவிடும். விடை முன்கூட்டியே தெரிந்ததால்தான் இந்தப் பிழை பிடிபடுகிறது. அடுப்பு வைத்த சோதனையில், தகடு தருவதே அவ்வளவுதான் என்று நினைத்திருப்போம்.

வோல்ட்டைச் சிறிது சிறிதாக மாற்றி, வலு கூடும் பக்கமாகத் தட்டித் தட்டிப் பார்த்து ஏறும் முறைக்கு வேறு தொல்லை. உச்சி மிகத் தட்டை. 4.4 வோல்ட்டில் நின்றாலும் இழப்பு நூற்றுக்கு ஒன்றுதான். அளவீட்டின் சிறு தடுமாற்றம் அதை மறைத்துவிடும்.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது, ஒன்றை மட்டும் சொல்கிறேன். உண்மையான தகட்டில் ஓட்டம் கூடினால் வெப்பமும் கூடுதலாகக் கடந்து, வித்தியாசம் மெல்லச் சரியும். தடையி அதைக் காட்டாது. அதற்கு, ஓட்டத்தைப் பார்த்துச் சப்ளையின் வோல்ட்டை மெதுவாக இறக்கும் சிறு நிரலும் தேவை. நன்றி, வணக்கம்.