வடம் எல்லார் கைக்கும் எட்ட வேண்டும்

(எங்கள் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, இந்தக் கூடத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட தலைமை ஆசிரியை அவர்களே, மணலியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் ஆயர் ஐயா அவர்களே, ஒலிபெருக்கித் தம்பிகளே, வாசகர் வட்டத் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம். மாமன்ற உறுப்பினர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். மழையில் நம் நூலகத்துக்குள் தண்ணீர் ஏறியபோது, சொன்ன அரை மணியில் மோட்டார் அனுப்பியவர் அவர். கீழ்த்தட்டுப் புத்தகங்கள் இன்று நம் கையில் இருக்கின்றன என்றால் அதற்கு அவர்தான் காரணம்.

'பெரிய சபையில் ஒரு புதியவர்' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். வரவேற்பு, இசை, எழுத்து என மூன்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் பெருமாள் கோயிலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவன். சாந்தோம் பேராலயம் பார்த்திருக்கிறேன். கோட்டைக்குள் 1680-ல் திறந்த செயின்ட் மேரி ஆலயத்துக்கும் போயிருக்கிறேன். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குப் பெசன்ட் நகரில் கூட்டத்தோடு நின்றிருக்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் உட்காரும் புதுப்பாணிச் சபைக்குள் போனது, எதிர்வீட்டு நண்பர் கூப்பிட்டபோதுதான்.

வாசலில் ஒளிரும் சட்டை போட்ட பையன்கள் வண்டி நிறுத்த இடம் காட்டினார்கள். "பிரைஸ் த லார்ட் அங்கிள்" என்று கைகொடுத்தார்கள். ஓர் ஆராதனை முடிந்து ஒரு கூட்டம் வெளியே வர, அடுத்ததற்கு இன்னொரு கூட்டம் உள்ளே போகிறது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. உள்ளே ஏசி. மேடையில் கண்ணாடித் தடுப்புக்குள் டிரம்ஸ், பக்கத்தில் கீபோர்டு, கிட்டார், இரண்டு புறமும் பெரிய எல்இடி திரை. காணிக்கைப் பையும் வருகிறது, க்யூஆர் கோடும் ஒட்டியிருக்கிறது. நடுவே போதகர், "இன்று முதல்முறையாக வந்தவர்கள் கை உயர்த்துங்கள்" என்றார். உயர்த்தினேன். சபையே கைதட்டியது. முன்பின் தெரியாத ஒருவனுக்காக அத்தனை பேர் கைதட்டுவது சின்ன விஷயம் இல்லை. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்று என் தாத்தா அடிக்கடி சொல்வார். அந்த வரவேற்பில் ஊர் கூடியிருந்தது.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா. அறுபதைத் தாண்டியவர். அவரும் அன்றுதான் முதல்முறை. சொந்த ஊர் புதுக்கோட்டை. மகள் வீட்டோடு பெரும்பாக்கம் வந்துவிட்டாராம். பாட்டு தொடங்கியது. எல்லோரும் எழுந்து, திரையைப் பார்த்துக் கைதட்டிப் பாடுகிறார்கள். இந்த அம்மாவும் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையைப் பார்த்தார், உதடு அசையவில்லை. மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் என் கையைத் தொட்டு, "தம்பி, என்ன எழுதியிருக்கு? கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றார்.

பாட்டு தமிழ்ப்பாட்டு. ஒரு வார்த்தைகூட ஆங்கிலம் இல்லை. ஆனால் திரையில் இருந்தது முழுக்க ஆங்கில எழுத்து.

அவர் காதருகே குனிந்து வரி வரியாகச் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. நாலு வரி பார்த்தார். "நீ பாடு தம்பி, நான் கேட்டுக்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். ஆராதனை முடிந்ததும் புதியவர்களுக்கென்று ஓர் அறை, டீ, பிஸ்கட். ஒரு கல்லூரிப் பெண் அந்த அம்மாவுக்கு ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு, பெயர் எழுதும் அட்டையை நீட்டியது. அதுவும் ஆங்கிலம். அந்தப் பெண் நல்ல மனதோடு, "நான் எழுதித் தரட்டுமாம்மா?" என்றது. இந்த அம்மா பேனாவை வாங்கி, முத்து முத்தாகத் தமிழில் தன் பெயரை எழுதினார். "அறிவொளியில படிச்சேன் கண்ணு. முப்பது வயசுல எழுத்தும் கத்துக்கிட்டேன், சைக்கிளும் கத்துக்கிட்டேன்" என்றார்.

(கைதட்டல்)

தட்டுங்கள், அந்த அம்மாவுக்குத் தட்ட வேண்டியதுதான். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கல் உடைக்கிற பெண்களும் வயல்வேலைப் பெண்களும் ராத்திரி விளக்கில் அ, ஆ எழுதினார்கள். அப்படிப் படித்த ஒருவர், நம் சென்னையில், தமிழ்ப்பாட்டுக்கு முன்னால் எழுதப் படிக்கத் தெரியாதவராக உட்கார வேண்டியிருந்தது. ஊர் கூடியிருக்கிறது, தேரும் நிற்கிறது, அவர் கைக்கு மட்டும் வடம் எட்டவில்லை.

கிறிஸ்தவ நண்பர்களுக்கு அவர்கள் வீட்டுக் கதையையே நினைவுபடுத்துகிறேன். 1554-ல் லிஸ்பன் நகரில் ஒரு தமிழ் ஜெபநூல் அச்சானது; தமிழை ரோமன் எழுத்தில் போட்டிருந்தார்கள். 24 ஆண்டுகள் கழித்து, 1578-ல், கொல்லத்தில் ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியார் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். பதினாறே பக்கம், முழுக்கத் தமிழ் எழுத்து. இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, 1715-க்குள் புதிய ஏற்பாட்டையே தமிழில் அச்சிட்டுக் கொடுத்தார். 1761-ல் புதுச்சேரியிலிருந்து கொண்டுவந்த அச்சுப்பொறி, ஃபெப்ரீசியஸ் பாதிரியார் கைக்கு வந்து ஓடியது நம் வேப்பேரியில்தான். ஈயத்தில் ஒவ்வொரு எழுத்தாக வார்த்த காலம் அது! அவ்வளவு பாடுபட்டு ரோமன் எழுத்தை விட்டு வெளியே வந்த திருச்சபை, ஒரு பொத்தானைத் தட்டினால் தமிழ் வருகிற காலத்தில் 1554-க்குத் திரும்பலாமா?

கம்ப்யூட்டரில் எழுத்து உடைகிறது என்று ஒருவர் சொன்னார். பல மொழி எழுத்துகளுக்கும் கம்ப்யூட்டரில் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-லேயே, தமிழ் இருக்கிறது. பிள்ளைகள் ஆங்கில வழியில் படிக்கிறார்கள், அவர்களுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று நண்பர் சொன்னார். அது உண்மையான கஷ்டம்தான். அதற்காக ஆங்கில எழுத்தை எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மேலே தமிழ், கீழே அது; இரண்டும் இருக்கட்டும். ஞாயிறு பள்ளியில் வாரம் பத்து நிமிடம் தமிழ் எழுத்துக்கு ஒதுக்குங்கள். இந்தக் கோரிக்கை சபைக்கு மட்டும் இல்லை. எங்கள் தெருக் கோயில் வாட்ஸ்அப் குழுவிலும் 'prasadam' பாணியில்தான் செய்தி வருகிறது. அவர்களிடமும் போன வாரம் போய்ப் பேசினேன்.

இசையைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லை. கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றாவது வாரா வாரம் வேண்டும் என்று மட்டும் ஆயர் ஐயாவிடம் கேட்டுக்கொள்கிறேன். தலைவர் மணியைப் பார்க்கிறார்.

நூலகர் மேசையில் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. நகரத்துச் சபைகளின் போதகர்களுக்கு, திரையில் தமிழ் எழுத்தும் வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறோம். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் என் நண்பரும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறோம். கூட வருகிறவர்கள் பெயர் கொடுங்கள். நன்றி, வணக்கம்.