குடியை நிறுத்த ஒரு மீட்டிங்: தேடுவதும் உள்ளே போவதும்

(திரையில்: ஓட்டல் வரவேற்பறை. சுவரோரம் பழைய தொலைபேசி.)

1935 மே மாதம். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு ஓட்டல். பில் வில்சன் என்பவர் வரவேற்பறையில் நிற்கிறார். வந்த வியாபாரம் படுத்துவிட்டது. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் கலகலப்பு, இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசி பக்கம் போனார். தேவாலயப் பட்டியலைப் பார்த்து அழைத்து, ‘பேசுவதற்கு ஒரு குடிநோயாளி கிடைப்பாரா?’ என்று விசாரித்தார்.

அந்த விசாரிப்பு, சுற்றி வளைத்து பாப் ஸ்மித் என்ற மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது. அவரும் குடியில் மூழ்கியிருந்தவர். ‘கால் மணி நேரம்தான்’ என்று சொல்லிவிட்டு வந்தவர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பேசினார். ஏஏ என்று சொல்கிறோமே, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் அமைப்பு, அதற்கு விதை விழுந்தது இப்படித்தான்.

பில்லை விட உங்களுக்குத் தேடும் வேலை சுலபம்.

(திரையில்: கைபேசி, தேடல் பக்கம்.)

ஆனால் தேடுவதற்கு முன்னால் ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, பதற்றம் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையொட்டி மனக்குழப்பமும், இல்லாதது கண்ணுக்குத் தெரிவதும் வரலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே முதலில் மருத்துவர். மீட்டிங் நடத்துகிறவர்கள் மருத்துவர்கள் இல்லை. அவர்களும் உங்களைப் போலக் குடித்தவர்கள்தான்.

சரி, எங்கே தேடுவது? ஏஏ இணையதளத்தில் நாடு வாரியாகத் தொடர்பு விவரங்கள் இருக்கின்றன. தொலைபேசியில் கூப்பிட்டால் பெரும்பாலும் குடியை விட்ட ஒருவரே எடுப்பார். மனநல மருத்துவரிடமும் போதை மீட்பு மையத்திலும் கேட்கலாம். வெளியே போகக் கூச்சமாக இருந்தால் ஆன்லைன் மீட்டிங் உண்டு, கேமராவை அணைத்துவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கலாம். பட்டியலில் நேரமும் இடமும் பழையதாக இருப்பது சகஜம். புறப்படும் முன் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, அதையே சாக்காக வைத்துத் திரும்பிவிடும் மனசு நம்முடையது.

பட்டியலில் ‘திறந்த கூட்டம்’, ‘மூடிய கூட்டம்’ என்று இருக்கும். திறந்ததற்கு யாரும் போகலாம். துணைக்கு அண்ணனையோ நண்பரையோ கூட்டிக்கொண்டும் போகலாம். மூடியது, குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு மட்டும். சேர்வதற்கு வேண்டிய ஒரே தகுதியும் அந்த நினைப்புதான். கட்டணம் கிடையாது. உண்டியல் மாதிரி ஒன்று சுற்றி வரும், போட்டே ஆக வேண்டும் என்றில்லை.

(திரையில்: வட்டமாகப் போட்ட நாற்காலிகள்.)

கண்டுபிடிப்பதை விடக் கஷ்டம், அந்தக் கதவைத் திறப்பது. யாராவது தெரிந்தவர் பார்த்துவிட்டால்? பார்த்தால் அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே இருக்கிறார். முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை. ‘இன்று கேட்க மட்டும் வந்தேன்’ என்றால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். பெரும்பாலும் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடலாம். ஒருவர் தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். பல குழுக்களில் ஒருவர் பேசி முடித்ததும் அறிவுரை சொல்வதைக் கூட அனுமதிப்பதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த ஏற்பாடு அதுதான். குடிப்பவர்களுக்கு வீட்டிலேயே அறிவுரை வேண்டிய மட்டும் கிடைத்துவிடுகிறது.

முதல் மீட்டிங் பிடிக்காமல் போகலாம். அதை வைத்து எல்லா மீட்டிங்கும் இப்படித்தான் என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு குழு கலகலப்பாக இருக்கும், இன்னொன்று இறுக்கமாக இருக்கும். பெண்களுக்கென்றே தனிக் கூட்டங்கள் உண்டு. நாலைந்து இடம் பார்த்த பிறகு முடிவெடுங்கள். குடியிலிருந்து மீள ஏஏ காட்டும் வழியான 12 படிகளில் கடவுள் வருகிறார், ‘நாம் புரிந்துகொண்ட விதத்தில்’ என்ற சேர்க்கையோடு. அதுவும் ஒத்துவரவில்லையா? 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி போன்ற குழுக்களில் கடவுள் பேச்சு இல்லை. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சிகள் இருக்கும்.

இதெல்லாம் உண்மையில் உதவுமா என்றால், 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து அலசியது. ஏஏ-யில் முனைப்போடு கலந்துகொள்ள வைக்கும் முறையான சிகிச்சை, குடிக்காமல் தொடர்ந்து இருக்க வைப்பதில் மற்ற சிகிச்சைகளை விட மேலாக இருந்தது. எல்லோருக்கும் பலிக்கும் என்று அர்த்தமில்லை.

குடிப்பவர் வர மறுக்கிறாரா? வீட்டில் இருப்பவர்களுக்கு 1951 முதல் அல்-அனான் என்ற குழு இருக்கிறது. அவர் நிறுத்தும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம், பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி: மீட்டிங் போய்க்கொண்டே மறுபடி குடித்துவிட்டால்? மறுநாள் அதே மீட்டிங்குக்குப் போகலாம். அந்த ஆறு மணி நேரப் பேச்சோடு டாக்டர் பாப் நிறுத்திவிடவில்லை. சில வாரம் கழித்து, மாநாடு ஒன்றுக்குப் போன இடத்தில் திரும்பவும் குடித்தார். அதன் பிறகுதான் முழுதாக விட்டார். ஏஏ தன் தொடக்க நாளாகக் கொண்டாடும் 1935 ஜூன் 10, அவரும் பில்லும் முதன்முதலில் சந்தித்த நாள் அல்ல. பாப் கடைசியாகக் குடித்ததாக ஏஏ கருதும் நாள்.