பிக் ஸ்டார்: மூணே ஆல்பம்தான், ஆனா முதல் ஆல்பத்துல ஆரம்பிக்காதீங்க!

(திரையில்: இரவு நேர மெம்ஃபிஸ் தெரு. நியான் விளக்கில் ஒரு நட்சத்திரம்.)

எழுபதுகள்ல ஒரு அமெரிக்க ராக் பேண்டு. பேரு பிக் ஸ்டார். முதல் ஆல்பத்துக்கு அவங்களே வச்சுக்கிட்ட பேரு 'நம்பர் ஒன் ரெக்கார்டு'. 1972-ல வந்துச்சு. பத்தாயிரம் காப்பிகூட விக்கலைங்கறாங்க. 1974-ல வந்த ரெண்டாவது ஆல்பம் சுமார் இருபதாயிரம். மூணாவது இன்னும் மோசம்: 1974-ல ரெக்கார்டு பண்ண ஆரம்பிச்சது, கடைக்கு வந்தது 1978-ல. அப்போ பேண்டே கிடையாது.

இப்படி மூணு தடவை மண்ணைக் கவ்வின பேண்டோட பாடகர் மேல, 1987-ல இன்னொரு பேண்டு ஒரு பாட்டே போடுது. ரீப்ளேஸ்மென்ட்ஸ். பாட்டோட தலைப்பே 'அலெக்ஸ் சில்ட்டன்'. ஆர்.ஈ.எம். பேண்டோட கிட்டாரிஸ்ட் பீட்டர் பக் இவங்களைப் பத்தி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. பேங்கிள்ஸ்னு இன்னொரு பேண்டு இவங்க பாட்டை 1986-ல எடுத்துப் பாடினாங்க. அது எப்படி?

வணக்கம் மக்களே! இன்னைக்குக் கேள்வி ஒண்ணே ஒண்ணு. பிக் ஸ்டாரைக் கேக்கணும், எங்க ஆரம்பிக்கறது? எழுபதுகள்ல மொத்தமே மூணு ஸ்டூடியோ ஆல்பம். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போதும், எல்லாத்தையும் கேட்டுடலாம். இதுக்கு ஒரு வீடியோவான்னு நினைப்பீங்க. விஷயம் இருக்கு. முதல் ஆல்பத்துல ஆரம்பிக்கறவங்க "நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல என்ன புதுசு"ன்னு எழுந்து போயிடறாங்க. எங்கயோ படிச்சுட்டு நேரா மூணாவதுல குதிக்கறவங்க பயந்து ஓடிடறாங்க. என் கட்சி ரெண்டாவது ஆல்பம். நடுவுல நுழைங்க.

பின்கதையைச் சட்டுனு முடிச்சிடறேன். ஊரு மெம்ஃபிஸ், டென்னசி. கிறிஸ் பெல்லும் அலெக்ஸ் சில்ட்டனும் கிட்டார், பாட்டு. ஆண்டி ஹம்மல் பேஸ். ஜோடி ஸ்டீவன்ஸ் டிரம்ஸ். எல்லாம் இருபதை ஒட்டின வயசுப் பசங்க. ஜான் ஃப்ரைன்னு ஒருத்தரோட ஆர்டென்ட் ஸ்டூடியோதான் இவங்க கூடாரம். ஃப்ரை பசங்களுக்கு ரெக்கார்டிங் வேலையைக் கத்துக்கொடுத்து, ஸ்டூடியோ சும்மா கிடக்கற நேரத்துல உள்ள விட்டுடுவாரு. பேரு வைக்கணும்னு வந்தப்போ, எதிர்த்தாப்புல ஒரு சூப்பர்மார்க்கெட். அதோட போர்டுல பிக் ஸ்டார்னு போட்டிருந்துச்சு. வச்சாச்சு. மாம்பலத்துல ஒரு பேண்டு எதிர்க்கடையைப் பாத்து 'முருகன் மளிகை'ன்னு பேரு வச்சுக்கிட்ட கதைதான். சத்தியமா சொல்றேன், அப்படி ஒரு பேண்டு இருந்தா முதல் டிக்கெட் நான்தான் வாங்குவேன்.

இதுல சில்ட்டன் யாருன்னு தெரிஞ்சா ஆச்சரியப்படுவீங்க. பிக் ஸ்டாருக்கு முன்னாடியே அவர் நிஜமான ஸ்டாரு. 1967-ல பாக்ஸ் டாப்ஸ்னு ஒரு பேண்டு, 'தி லெட்டர்'னு ஒரு பாட்டு, அமெரிக்காவுல நாலு வாரம் முதல் இடம். ரெண்டு நிமிஷம்கூட ஓடாத பாட்டு. பாடினப்போ சில்ட்டனுக்கு வயசு 16. இந்த வீடியோவை நிறுத்திட்டுப் போய் அதைக் கேளுங்க. நாப்பது வருஷமா சிகரெட் பிடிச்ச ஆள் பாடற குரல் அது! அப்படியே வந்து பிக் ஸ்டார்ல 'தேர்ட்டீன்' கேளுங்க. மீசை முளைக்காத பையன் குரல். ஆளு வளர வளரக் குரல் சின்னதாயிருக்கு. ரெண்டும் ஒரே தொண்டைன்னு என்னால இன்னமும் நம்ப முடியலை.

சரி, ஏன் விக்கலை? பாட்டு மோசம்னு இல்லை. விமர்சகர்கள் கொண்டாடினாங்க. கோளாறு வண்டி, குடோன், கடையில. ஆர்டென்டோட ரெக்கார்டுகளைக் கடைக்கு அனுப்ப வேண்டியது ஸ்டாக்ஸ் கம்பெனி. ஓட்டிஸ் ரெட்டிங், ஐசக் ஹேஸ்னு, கறுப்பின மக்களோட சோல் இசையில பெரிய கை. ஆனா கிட்டார் அடிக்கற வெள்ளைக்காரப் பசங்க ரெக்கார்டை எந்த ரேடியோவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கறதுன்னு அவங்களுக்குப் பிடிபடலை. ஜனங்க பேப்பர்ல படிச்சுட்டுக் கடைக்குப் போனா ரெக்கார்டு இல்லை. அப்புறம் ஸ்டாக்ஸ், கொலம்பியாங்கற பெரிய ரெக்கார்டு கம்பெனியோட ஒப்பந்தம் போட்டுச்சு. அப்பாடான்னு இருந்தா, அந்த ஒப்பந்தத்தைப் போட்ட கொலம்பியா தலைவர் கிளைவ் டேவிஸ் 1973 மே மாசம் வேலையை விட்டுத் தூக்கப்பட்டாரு. அவரோட அக்கறையும் போச்சு. ரெண்டாவது ஆல்பம் 'ரேடியோ சிட்டி' வந்தப்போ மறுபடி அதே கதை. கம்பெனியே 1975 கடைசியில திவால். பேண்டு ஒழுங்கா வாசிச்சுது, லாரிதான் வரலை.

இப்ப நம்ம விஷயத்துக்கு வருவோம்.

(திரையில்: சிவப்புக் கூரை, நடுவில் ஒரு பல்பு.)

இதுதான் 'ரேடியோ சிட்டி' அட்டைப்படம். ரத்தச் சிவப்புல ஒரு சீலிங். மூடி எதுவும் இல்லாத ஒரு பல்பு. அதுலேர்ந்து சீலிங் மேலயே வெள்ளை ஒயர் ஓடுது. படம் எடுத்தவர் வில்லியம் எகில்ஸ்டன். 1973, மிசிசிப்பி மாநிலத்துல கிரீன்வுட். 1976-ல நியூயார்க் நவீனக் கலை மியூசியத்துல இவரோட தனிக் கண்காட்சி நடந்தப்போதான், கலர் போட்டோவும் கலைதான்னு பெரிய மனுஷங்க ஒத்துக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, யாரும் வாங்காத ஒரு ராக் ஆல்பத்தோட அட்டையில இந்தப் படம்! சில்ட்டன் குடும்பத்துக்கு எகில்ஸ்டன் பழக்கம், அவ்வளவுதான் காரணம். இவரு பேரை ஞாபகம் வச்சுக்குங்க, இன்னொரு தடவை உள்ள வருவாரு.

அந்த சமயம் பெல் பேண்டை விட்டே போயிட்டாரு. முதல் ஆல்பம் படுத்தது அவரை ரொம்ப பாதிச்சுது. மீதி மூணு பேரும் கலைஞ்ச மாதிரிதான். 1973 மே மாசம் மெம்ஃபிஸ்ல ராக் பத்திரிகைக்காரங்களுக்குன்னே ஒரு மாநாடு. அதுல வாசிக்கறதுக்காக மூணு பேரும் ஒண்ணு சேந்தாங்க. நோட்டும் பேனாவுமா கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கற ஜாதி எழுந்து ஆடுச்சாம். விமர்சகனையே ஆட வச்சாச்சு, அப்புறம் என்ன, இன்னொரு ஆல்பம் போட்டுடலாம்னு வந்ததுதான் 'ரேடியோ சிட்டி'.

ஏன் இதுலேர்ந்து ஆரம்பிக்கணும்? பெல் இருந்தப்போ கிட்டார் மேல கிட்டார், குரல் மேல குரல்னு அடுக்கி, மெழுகு போட்டுத் தேச்ச மாதிரி இருக்கும். அவரு போனதும் ஓட்டை விழுந்துச்சு. அந்த ஓட்டையை யாரும் அடைக்கலை. சில்ட்டனோட ஒரே கிட்டார் தாளத்தையும் பிடிச்சு, நடுநடுவுல ராகத்தையும் இழுத்து, ரெண்டு வேலை பாக்குது. எங்கயாவது விழுந்துடுமோன்னு தோணற இடத்துல ஸ்டீவன்ஸோட டிரம்ஸ் வந்து தாங்குது. ஃப்ரை பதிவு பண்ண அழகுல ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக் கேக்கும். பிற்காலத்துல ஆயிரம் பேண்டு முதல் ஆல்பத்தைக் காப்பியடிச்சாச்சு. அதனால இன்னைக்கு அதைப் புதுசாக் கேட்டா எங்கயோ கேட்ட மாதிரியே இருக்கும். இந்த ரெண்டாவதை மட்டும் யாராலயும் ஒழுங்காக் காப்பியடிக்க முடியலை. பெருமையா இல்லை, கோணலா இருக்கறதுனால!

கேக்கற முறை சொல்றேன், நோட் பண்ணிக்குங்க. முதல் டிராக்கை முதல்ல போடாதீங்க. 'ஓ மை சோல்' கிட்டத்தட்ட ஆறு நிமிஷம், முதல் சந்திப்புக்கு ஆகாது. நேரா பத்தாவது டிராக், 'செப்டம்பர் கேர்ல்ஸ்'. பேங்கிள்ஸ் பாடினாங்கன்னு சொன்னேனே, அது இதுதான். மூணு நிமிஷத்துக்கும் கம்மி. ஆரம்ப கிட்டாரே உங்களைச் சட்டையைப் பிடிச்சு உக்கார வைக்கும். பிடிக்கலைன்னா வீடியோவை மூடிட்டுப் போயிடலாம், எனக்கு வருத்தமில்லை. (வருத்தம்தான்.) பிடிச்சுதுன்னா பின்னாடி வந்து ஏழு, எட்டு: 'பேக் ஆஃப் எ கார்', 'டெய்சி கிளேஸ்'. எட்டாவதைப் பாதியில நிறுத்திடாதீங்க. தூங்கி வழியற மாதிரி ஆரம்பிச்சு, நடுவுல திடீர்னு எழுந்து ஓடும். அதுக்கப்புறம் முழு ஆல்பத்தையும் முதல்லேர்ந்து போடுங்க. கடைசி ரெண்டு பாட்டும் ஆளுக்கு ரெண்டு நிமிஷம்கூட இல்லை, ஒண்ணு பியானோ, ஒண்ணு வெறும் கிட்டார். அதோட சப்புனு முடியும். அப்படித்தான் முடியணும்.

இப்போ 'நம்பர் ஒன் ரெக்கார்டு'க்குப் போங்க. கூரை போட்டுப் பூசின வீடு எப்படி இருந்துச்சுன்னு இப்பதான் புரியும். 'பாலட் ஆஃப் எல் கூடோ'வுல அந்தக் குரல் அடுக்கு வரும்போது பெல்லோட அருமை தெரியும். 'இன் தி ஸ்ட்ரீட்' உங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே வாய்ப்பு அதிகம். 'தட் செவன்டீஸ் ஷோ' டிவி தொடரோட டைட்டில் பாட்டு அதுதான், வேற ஆளுங்க பாடினது. ஒவ்வொரு தடவை ஒளிபரப்பாகும்போதும் தனக்கு 70 டாலர் வருதுன்னு, சில்ட்டன் அந்தத் தொடரையே எழுபது டாலர் ஷோன்னு கிண்டல் பண்ணுவாரு.

நம்ம ஆளுங்களுக்காகவே ஒரு பாட்டு: 'தி இண்டியா சாங்'. எழுதினது பேஸ் வாசிச்ச ஹம்மல். சிதார், தம்பூரா எல்லாம் எதிர்பாக்காதீங்க. அவருக்கு இந்தியாவுக்கு வரணுமாம், காட்டுக்குள்ள பெரிய வெள்ளை வீட்ல இருக்கணுமாம், ஜின்னும் டானிக்கும் குடிச்சுக்கிட்டு பியானோ வாசிக்கணுமாம். அண்ணே, அது இந்தியா இல்லை, ஊட்டி கிளப்பு! நிறைய பேரு இதை ஸ்கிப் பண்ணச் சொல்வாங்க. நான் பண்ண மாட்டேன். இவ்வளவு வெள்ளந்தியான பேராசையை வேற எங்க கேக்கறது?

இன்னொரு சந்தோஷம். இந்த ஆல்பத்துல பெல்லோட பாட்டு ஒண்ணு, 'மை லைஃப் இஸ் ரைட்'. அவரு போனப்புறம் வந்த 'ரேடியோ சிட்டி'யில சில்ட்டன் பாட்டு, 'லைஃப் இஸ் வொயிட்'. பதில் பாட்டுன்னு ரசிகர்கள் சொல்றாங்க. அடுத்தடுத்துக் கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. எனக்கு நக்கல் மாதிரிதான் தெரியுது.

பெல் உயிரோட இருந்தப்போ அவர் பேர்ல வந்தது ஒரே ஒரு சிங்கிள், 1978-ல, 'ஐ ஆம் தி காஸ்மோஸ்'. பின்பக்கத்துல 'யூ அண்ட் யுவர் சிஸ்டர்'. அதுல பின்குரல் பாடறது சில்ட்டன். சண்டை, சமாதானம் எல்லாம் அந்த ஒரு பாட்டுக்குள்ள இருக்கு. அதே வருஷம் டிசம்பர்ல கார் விபத்துல பெல் போயிட்டாரு. வயசு 27. மிச்சப் பாட்டெல்லாம் ஆல்பமா வந்தது 1992-ல. மூணாவது ஆல்பத்துக்கு முன்னாடி இந்த ரெண்டு பாட்டையாவது கேட்டுடுங்க.

மூணாவது. வாங்க, எனக்குப் பிடிச்ச ஏரியா.

முதல்ல, இதுக்குப் பேரு என்ன? சிலர் 'தேர்டு'ங்கறாங்க, சிலர் 'சிஸ்டர் லவ்வர்ஸ்'ங்கறாங்க. அப்போ சில்ட்டனும் ஸ்டீவன்ஸும் அக்கா தங்கச்சி ரெண்டு பேரைக் காதலிச்சுக்கிட்டிருந்தாங்க, அதுலேர்ந்து வந்த பேரு. ரெண்டாவது, இது பிக் ஸ்டார் ஆல்பமா? ஹம்மலும் விலகியாச்சு, மிச்சம் ரெண்டே பேரு. மூணாவது, பாட்டு வரிசை என்ன? யாரும் முடிவு பண்ணலை! 1978-ல வந்தது ஒரு வரிசை, 1992-ல வந்தது வேற வரிசை. 2016-ல மூணு சிடி நிறைய எல்லாத்தையும் கொட்டிட்டாங்க.

புரொட்யூசர் ஜிம் டிக்கின்சன். ரீப்ளேஸ்மென்ட்ஸ் பாட்டு சொன்னேன் இல்லையா? அந்த ஆல்பத்துக்கும் இவருதான் புரொட்யூசர். 'கங்காரு' பாட்டுல சில்ட்டன் குரலையும் கிட்டாரையும் ஒரே டிராக்ல ஒட்டிப் பதிவு பண்ணி, இப்ப இதை வச்சு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டு டிக்கின்சன்கிட்ட விட்டுட்டாரு. பிரிக்கவே முடியாது. அவரு மேல மேல சத்தத்தை ஏத்தி ஒரு புயலாக்கிட்டாரு. 'டவுன்ஸ்'னு ஒரு பாட்டு, கொஞ்சம் விக்கக்கூடிய பாட்டுன்னு யாரோ சொன்னாங்கன்னு, ஸ்னேர் டிரம்முக்குப் பதிலா பாஸ்கெட்பாலை அடிச்சிருக்காங்க. பாஸ்கெட்பால்! ஒருத்தன் தன் பொழைப்புல தானே மண்ணள்ளிப் போடறதை இவ்வளவு துல்லியமாக் கேக்க முடியறது இந்த ஆல்பத்துலதான்.

ஆனா அதே ஆல்பத்துல வயலின் எல்லாம் வரும். ஸ்டீவன்ஸ் தான் எழுதின 'ஃபார் யூ'வுக்கு வயலின் வேணும்னு கேட்டாரு. சில்ட்டனுக்குப் பிடிச்சுப்போய் மத்த பாட்டுக்கும் போட்டுக்கிட்டாரு. 'ஸ்ட்ரோக் இட் நோயல்'ங்கற தலைப்புல இருக்கற நோயல், அந்த வயலின் வாசிச்ச நோயல் கில்பர்ட்தான். எகில்ஸ்டனை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே? பின்னாடி வந்த சிடியில இருக்கற 'நேச்சர் பாய்' பாட்டுக்குப் பியானோ வாசிக்கறது அவருதான். கேமராக்காரரு!

இதை ஏன் கடைசியில வைக்கச் சொல்றேன்? உடைஞ்சது என்னன்னு தெரிஞ்சாதான் இந்த ஆல்பம் சுடும். அந்த ரெண்டையும் கேட்டுட்டு 'ஹோலோகாஸ்ட்' கேட்டா அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது. தெரியாமக் கேட்டா, சும்மா ஒரு ஆளு மெதுவா முனகறாருன்னு போயிடுவீங்க.

2005-ல பிக் ஸ்டார் பேர்லயே 'இன் ஸ்பேஸ்'னு இன்னொரு ஆல்பம் வந்துச்சு, போஸிஸ் பேண்டுலேர்ந்து ரெண்டு பேரைச் சேத்துக்கிட்டு. அவசரமில்லை. சில்ட்டன் 2010 மார்ச்ல மாரடைப்புல போயிட்டாரு, அதே வருஷம் ஹம்மலும்.

இப்ப உங்களுக்கு வேலை. மூணாவது ஆல்பத்துக்குத்தான் வரிசையே கிடையாதே, நீங்களே ஒண்ணு போடுங்க. என் வரிசையில முதல் பாட்டு 'தேங்க் யூ ஃபிரண்ட்ஸ்', கடைசி 'டேக் கேர்'. 1992 சிடி மாதிரி 'கிஸ்ஸா மீ'ல ஆரம்பிக்கணும்னு சொல்றவங்க கமென்ட்ல வாங்க, சண்டை போடலாம். 'டவுன்ஸ்'ஸை முதல் பாட்டா வைக்கறவங்களுக்கு மட்டும் பின் பண்ற மரியாதை உண்டு.