பொதிகைக்கு யார் போகலாம்?

நேயர்களுக்கு என் வணக்கம்.

விளவங்கோடு வட்டத்தின் மேற்கு ஓரத்தில், நிலவரி கட்டுவது தமிழ்நாட்டிலும் சந்தைக்குப் போவது பாறசாலையிலுமாக வாழ்கிற சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவன் நான். மழை விட்ட காலையில் நெய்யாறு அணையின் மேல் நின்று வடகிழக்கே பார்த்தால், நீர்ப்பரப்புக்கு அப்பால், மற்ற குன்றுகளுக்கு மேலே கூம்பி நிற்கும் ஒரு பாறைமுடி தெரியும். மலையாளம் பேசுவோர் அதை அகஸ்தியகூடம் என்பார்கள். நாம் அகத்தியமலை என்போம். ஏட்டுத் தமிழில் பொதியம், பொதியில், பொதிகை. உயரம் 1868 மீட்டர். திருவனந்தபுரம் மாவட்டமும் திருநெல்வேலி மாவட்டமும் எல்லை பிரித்துக்கொள்ளும் அந்த மலையைப் பற்றி வழங்கும் நம்பிக்கைகள் ஏராளம். அதன் அருகே யார் போகலாம், யார் போகலாகாது என்பதைப் பற்றியவற்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

கதையின் தொடக்கம் எல்லோரும் அறிந்ததே. கயிலையில் சிவனுக்கும் உமைக்கும் திருமணம் நடந்தபோது உலகமே அங்கே திரண்டதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது. அதைச் சமன் செய்ய, குறுமுனி என்று பேர் பெற்ற அகத்தியர் ஒருவரே போதும் என்று அனுப்பப்பட்டார். வழியில் விந்தியத்தை அடக்கி, கமண்டலத்து நீரைக் காவிரியாக விட்டு, பொதியத்தில் அமர்ந்து அவர் தமிழை வளர்த்தார் என்பது நம்பிக்கை. இமயத்துக்கு எதிர்த்தட்டில் வைக்கப் பொதியம் போதுமா என்று கேட்பவர்கள், புறநானூற்றின் இரண்டாம் பாட்டைப் பார்க்கலாம். சேரமான் ஒருவனை வாழ்த்தும் புலவர், இமயமும் பொதியமும் போல நீ நிலைத்திரு என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்.

திருமணத்தைக் காண முடியாமல் போன முனிவருக்குச் சிவன் தெற்கேயே மணக்கோலம் காட்டியதாகப் பல தலங்களில் சொல்வார்கள். அவற்றுள் மலைக்கு மிக அருகில் இருப்பது, தாமிரபரணி சமவெளிக்கு இறங்கும் பாபநாசம். (எங்கள் குழித்துறை ஆற்றையும் நாங்கள் தாமிரபரணி என்றுதான் சொல்கிறோம், அந்த வழக்கை இன்று தொடங்கினால் பொழுது போதாது.) பாபநாசநாதர் கோயிலில் கருவறைக்குப் பின்புறம் மணக்கோலத்தில் கல்யாணசுந்தரர் இருக்கிறார், எதிரே வணங்கி நிற்கும் அகத்தியரோடு அவர் மனைவி லோபாமுத்திரையும் இருக்கிறாள். அந்தக் காட்சி கிடைத்த நாள் சித்திரை விஷு என்பதால், அன்று அங்கே கூட்டம் நெரியும். என் இளமையில் அக்காவோடும் அத்தானோடும் ஒரு விஷுவுக்குப் போயிருந்தேன். லோபாமுத்திரையைச் சற்று நேரம் பார்த்த அக்கா, "தம்பி, நம்ம பக்கத்துல இவரப் பிரம்மச்சாரின்னுல்ல சொல்லுவா?" என்று கேட்டாள்.

கேள்வி நியாயமானது. மலையின் மேற்குச் சரிவில் பெண்கள் உச்சிக்கு ஏறும் வழக்கம் அப்போது இருக்கவில்லை. முனிவர் பிரம்மச்சாரி என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. கிழக்கு அடிவாரத்திலோ அதே முனிவர் மனைவியோடு நிற்கிறார். லோபாமுத்திரை பிற்காலத்துக் கற்பனையும் அல்லள். ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில் 179ஆம் சூக்தம் அவளுக்கும் அகத்தியருக்கும் நடக்கும் உரையாடல். தவம் தவம் என்றே முதுமை வந்துவிட்டதே என்று கணவனிடம் வாதாடுகிற மனைவியின் குரல் அது. ஒரே மலையின் இரு பக்கத்திலும் ஒரே முனிவருக்கு இரு வேறு இல்லற நிலை என்பதை முரண்பாடு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. மலைக்கு இரண்டு பக்கம் இருந்தால் கதைக்கும் இரண்டு பக்கம் இருக்கத்தானே செய்யும்?

உண்மையில் இரண்டோடும் நிற்கவில்லை. பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் என்னும் இலக்கண நூலை இயற்றிய பௌத்தரான புத்தமித்திரர், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது, அவலோகிதேசுவரர் என்றும் பௌத்தர்கள் வணங்கும் போதிசத்துவரான அவலோகிதரிடம் என்கிறார். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் வரை வந்த சீனத் துறவி யுவான் சுவாங், தென்கோடியில் மலய மலைக்குக் கிழக்கே போதலகம் என்றொரு மலை இருப்பதாகவும் அது அவலோகிதேசுவரரின் இருப்பிடம் என்றும் கேட்டு எழுதிவைத்தார். வழி கொடியது, உயிரைப் பொருட்படுத்தாமல் ஏறுவோரிலும் உச்சியைக் காண்பவர் மிகச் சிலர், ஆனால் அடிவாரத்து மக்கள் மனமுருகி வேண்டினால் போதிசத்துவர் சில நேரம் ஈசுவரன் வடிவிலும் சில நேரம் நீறு பூசிய தவசியாகவும் அவர்களுக்குக் காட்சி தருவார் என்கிறது அவர் குறிப்பு. இந்தப் போதலகம் நம் பொதியில்தான் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். அந்த மலையின் பெயரைத்தான் திபெத்தின் லாசாவில் 1645இல் கட்டத் தொடங்கிய போதலா அரண்மனை தாங்கி நிற்கிறது. ஏற இயலாதவரைத் தேடித் தெய்வமே கீழே இறங்கி வருகிறது என்ற அந்த ஒரு வரிக்காகவே, எல்லா மலைப் புராணங்களையும்விட இந்தக் குறிப்பு எனக்கு நெருக்கமானது.

இனி, அந்த மலையிலேயே வாழ்கிறவர்கள். காணி மக்கள் எல்லைக்கு இருபுறமும் இருக்கிறார்கள். தமிழும் மலையாளமும் கலந்த அவர்கள் பேச்சுக்கு மலம்பாஷை என்று பெயர். ஊர்த் தலைவர் மூட்டுக்காணி; நோய்க்குக் கொக்கரையை இசைத்துச் சாற்றுப்பாட்டுப் பாடுபவர் பிலாத்தி. அகத்தியர் அவர்களுக்கு இலக்கண ஆசான் அல்லர், காட்டையும் மருந்தையும் காக்கிற தெய்வம். 1987இல் தாவர ஆய்வாளர்கள் சிலர் காணி இளைஞர்களை வழிகாட்டிகளாக அழைத்துக்கொண்டு இந்தக் காட்டில் ஏறினார்கள். தாங்கள் களைத்து மூச்சு வாங்க, உடன் வந்தவர்கள் ஏதோ ஒரு சிறு காயை மென்றபடி தளராமல் நடப்பதைக் கண்டு, அது என்ன என்று கேட்டார்கள். அந்த இளைஞர்கள் எளிதில் சொல்லவில்லை. பிறகு காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து உருவான 'ஜீவனி' மருந்தின் தயாரிப்பு உரிமை 1995இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் தரப்பட்டது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகமெங்கும் இதைப் பேசினார்கள். ஆனால் எளிதில் சொல்லாத அந்த இளைஞர்களின் தயக்கத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மலையின் மறைபொருள் என்று நாம் சொல்வதெல்லாம், பல வேளைகளில், யாரிடம் எதைச் சொல்லலாம் என்று அங்கே வாழ்பவர்கள் காத்துவந்த கட்டுப்பாடுதான்.

ஆகவேதான் 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், ஆண் பெண் வேறுபாடு காட்டி மலையேற்றத்தைத் தடுக்கலாகாது என்று சொன்னபோது எனக்கு இரண்டு மனமாக இருந்தது. 2019 சனவரியில் பாதுகாப்புத் துறை அலுவலரான தன்யா சனல் மேற்கு அடிவாரத்துப் போனக்காட்டிலிருந்து புறப்பட்டு, இடைவழியில் அதிருமலையில் தங்கி, கடைசிப் பாறைகளில் கயிறு பிடித்து ஏறி உச்சியை அடைந்தார். போனக்காட்டில் காணிப் பெண்களும் ஆண்களும் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆனால் யாரையும் மறிக்கவில்லை, பாட்டுப் பாடி நின்றார்கள். தீர்ப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் அந்தப் பாட்டையும் காதில் போட்டுக்கொள்ளாமல் கடந்துபோக என்னால் முடியவில்லை.

அந்த நாட்களில்தான் புறநானூற்றின் 128ஆம் பாட்டை மீண்டும் எடுத்துப் படித்தேன். முப்பது ஆண்டுகள் வகுப்பில் நடத்திய பாட்டு. அதில் இருந்ததை அன்றுதான் கண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மழைமேகம் தவழும் பொதியில், ஆய் என்னும் வேளிர் தலைவனின் மலை. இரவலர்கள் பலாமரத்தில் தொங்கவிட்ட முழவைப் பலாப்பழம் என்று எண்ணி ஒரு மந்தி தட்டிப் பார்க்கிறது. அந்த மலையை ஆடுமகள் நெருங்க முடியுமே தவிர, பெருமை மிக்க மன்னர்கள் நெருங்குவது அரிது என்று முடிக்கிறார் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். படைகொண்டு வருபவனுக்கு அடைபட்ட மலை, ஆடிப் பாடிப் பரிசில் கேட்டு வருகிற பெண்ணுக்குத் திறந்திருக்கிறது.

பாட்டை அக்காவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். அவளுக்கு முழங்கால் வலி. உச்சியில் வானமே கூரையாக அகத்தியர் சிலை ஒன்று இருப்பதை ஏறியவர்கள் சொல்லிக் கேட்டதோடு சரி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்க அவரு மட்டும் தனியாவா இருக்காரு?" என்றாள். ஆமாம் என்றேன்.

வணக்கம்.