87.8 சிசி ஸ்கூட்டியில் இரண்டு பேர் ஏற்காடு ஏறலாமா?

சேலத்து நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மகளுக்காக ஒரு ஸ்கூட்டி பெப் பிளஸ் பழைய வண்டியாகப் பார்த்து வைத்திருக்கிறேன். 87.8 சிசிதான் என்கிறார்கள். அம்மாவும் மகளும் அதில் ஏற்காடு போய்வர முடியுமா? மகளுக்கு 16 வயது, லைசென்ஸ் கிடைக்குமா?"

லைசென்ஸ் கிடைக்காது ஐயா. 16 வயதுக்குச் சட்டம் அனுமதிப்பது 50 சிசி வரைதான். கியர் இல்லை, சின்ன வண்டி என்பதெல்லாம் அங்கே செல்லாது. 18 முடியும்வரை அம்மாவே ஓட்டட்டும்.

இனி மலைக்கு வருவோம். எல்லோரும் சிசியைப் பார்க்கிறார்கள். நான் சுமையைப் பார்க்கச் சொல்வேன். பிஎஸ் 6 என்ற புகை விதிப்படி வந்த பெப் பிளஸ் 93 கிலோ, திறன் 5.4 குதிரைத்திறன். இருவரும் சேர்ந்து 120 கிலோ என்று வையுங்கள். ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 40 கிலோவை இழுக்க வேண்டும். 110 சிசி வண்டியில் அதே இருவர் ஏறினால் 30 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். 50 கிலோ உள்ள ஒருவர் மட்டும் பெப் பிளஸில் போனாலோ 26, 27 கிலோதான். ஊருக்குள் தனியாகப் போகும்போது இந்த வண்டி துள்ளுவதும், பின்னால் ஆள் ஏறியதும் முனகுவதும் இதனால்தான். இதன் டார்க், அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசை, 6.5 நியூட்டன் மீட்டர். அது எஞ்சின் நிமிடத்துக்கு 3500 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடுகிறது. எனவே மெதுவாக என்றாலும் ஏறிவிடும். ஏற்றத்தில் வேகம் குறைந்தால், எஞ்சின் விசையைப் பின்னால் கடத்தும் பெல்ட் முன் கப்பியில் உள்ளே இறங்கி, பின் கப்பியில் வெளியே ஏறும். கியரைக் குறைத்ததற்குச் சமம் அது. நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்கும்போது மட்டும், வண்டி பின்னால் உருளாமல் இருக்க ஆக்சிலரேட்டரைத் திருகிக்கொண்டு நிற்காதீர்கள். கிளட்ச் வழுக்கிக் காந்திவிடும். பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை: இறங்குவது. கியர் பைக்கில் இரண்டாவது கியரில் விட்டால் எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். இதில் கிளட்ச் எஞ்சின் சுற்று வேகத்தைப் பொறுத்துத்தான் பிடிக்கும். ஆக்சிலரேட்டரை மூடி மெதுவாக இறங்கினால், ஒரு கட்டத்தில் கிளட்ச் விட்டுவிடும். அப்புறம் எஞ்சின் தனி, சக்கரம் தனி. முழுச் சுமையும் 110 மில்லிமீட்டர் டிரம் பிரேக்குகள் மேல் விழும். 20 வளைவும் விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகிப் பிடிப்பு குறையும். வேகம் கூடவிடாமல் இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடியுங்கள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் மிச்சமாம்! அதைச் செய்யாதீர்கள்.

பழைய வண்டி என்பதால் ஆர்சியில் தயாரித்த மாதத்தையும் பாருங்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அல்லது இரு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக் கட்டாயமானது. அதற்கு முந்தையது என்றால், இடது பிரேக்கைப் பிடிக்கும்போது முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். பெல்ட்டையும் பிரேக் ஷூவையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம்.