பீலே சிலை வெச்ச தெருவுல பேக்குக்காக நாலு வார்த்தை

நடுவர் ஐயாவுக்கும் நம்ம பெங்களூரு அல்சூர் கௌதமபுரத்து ஜனங்களுக்கும் வணக்கம். ஒரு ஃபுட்பால் டீம் ஃபார்மேஷன், அதாவது யாரை எங்க நிறுத்தறதுன்னு போடறப்ப முதல்ல பார்க்க வேண்டியது அட்டாக்கா டிஃபென்ஸா, இதான் தலைப்பு, நான் டிஃபென்ஸ் பக்கம். எதிரணி அண்ணன் கேட்டாரு, நம்ம ஏரியாவுல பீலேவுக்குத்தான சிலை இருக்கு, கோலுக்கு முன்னாடி நின்னு தடுக்கற எந்த ஸ்டாப்பர் பேக்குக்காவது வெச்சோமான்னு. எல்லாரும் கைதட்டுனீங்க. சரி, அந்த பீலேகிட்டயே போவோம்.

1958 ஸ்வீடன் வேர்ல்டு கப், பீலேவுக்கு 17 வயசு. ஆஸ்திரியா, இங்கிலாந்து, சோவியத், வேல்ஸ்னு முதல் நாலு மேட்ச்ல பிரேசில் ஒரு கோல் கூட வாங்கல ஐயா! வேல்ஸை ஜெயிச்சது 1-0, அந்த ஒத்த கோல் பீலே அடிச்சதுதான், நான் மறுக்கல, ஆனா பின்னாடி ஒண்ணு விட்டிருந்தா அன்னைக்கு அந்த கோல் ஜெயிக்க வெச்சிருக்குமா? பேப்பர்ல அவங்க ஃபார்மேஷன் 4-2-4, பின்னாடி நாலு பேரு, நடுவுல ரெண்டு, முன்னாடி நாலு பேரு, பார்க்கவே துணிச்சலா இருக்கும், ஆனா பந்து கைமாறுன உடனே லெஃப்ட் விங்கர் ஜகாலோ இறங்கி ஓடியாந்து நடுவுல நின்னுடுவாரு, 4-3-3 ஆயிடும். நாலு பேரு தைரியமா முன்னாடி நின்னதே அவரு ஒருத்தர் திரும்பி ஓடுனதாலதான்.

அதே பிரேசில் 1982ல, பார்சிலோனாவுல இத்தாலியோட. டிரா பண்ணா போதும், செமிஃபைனல் உறுதி. 2-2 ஆச்சு, அப்பவும் நின்னு காக்கல, மேல மேல ஏறுனாங்க, பாவ்லோ ரோஸி மூணாவதையும் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாரு. அவ்வளவு அழகா ஆடுன டீமு ஐயா, இப்பவும் அந்த மேட்ச் பார்த்தா எனக்கு மனசு வலிக்குது.

கோல் அடிக்காம எப்படி ஜெயிப்பேன்னு கேட்டீங்க. 2010ல ஸ்பெயின் கப் ஜெயிச்சது 7 மேட்ச்ல வெறும் 8 கோல் அடிச்சு. வாங்குனது 2. நாக் அவுட்டு நாலும் 1-0. பந்தை காலுலயே வெச்சிருந்தாங்களே, அதுவும் டிஃபென்ஸ்தான், எதிரிகிட்ட பந்து இல்லன்னா அவன் எதை வெச்சு அடிப்பான்?

அதுக்காக பத்து பேரும் பெனால்டி பாக்ஸ்ல அடைஞ்சு கிடக்கணும்னு நான் சொல்லல. 1967 ஐரோப்பியன் கப் ஃபைனல்ல இத்தாலி கிளப் இண்டர் மிலான் ஒரு கோல் போட்டுட்டு அப்படித்தான் உக்காந்துச்சு, ஸ்காட்லாந்து கிளப் செல்டிக் ரெண்டு போட்டு கப்பை தூக்கிட்டு போயிடுச்சு. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு, ரைட் பேக் தன் இடத்தை விட்டு விங்கரைத் தாண்டி மேல ஏறி ஓவர்லேப் போனா அந்த இடத்துக்கு யாரு? மிட்ஃபீல்டர் ஒருத்தன் இறங்கணும், லெஃப்ட் பேக் உள்ள ஒட்டி வரணும். இதை முடிவு பண்ணிட்டு அப்புறம் எத்தனை பேரை வேணா மேல அனுப்புங்க.

நான் ஆடுன ஒரு சண்டே மேட்ச்ல 2-0 லீடிங், கார்னர் கிடைச்சுதுன்னு ரெண்டு ஸ்டாப்பரும் மேல போனோம், கீப்பர் பந்தை புடிச்சு ஒரே தூக்கு, நாங்க திரும்பி ஓடறதுக்குள்ள கோலு. அதுக்கப்புறம் லைனே உடைஞ்சு போச்சு, 3-2 தோத்தோம். இருபது வருஷமாகியும் அந்த ஓட்டம் எனக்கு மறக்கல.

மணி அடிச்சுட்டீங்க, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு உக்காந்துக்கறேன். 1962 ஜகார்த்தா ஏசியன் கேம்ஸ், நம்ம இந்தியா தங்கம் ஜெயிச்ச ஃபைனல், தென் கொரியாவை 2-1. ஒரு கோல் பி.கே.பானர்ஜி. இன்னொண்ணு அடிச்சது ஜர்னைல் சிங். தலையில காயத்தோட இருந்தவரை கோச் ரஹீம் சாப் ஃபார்வர்டா இறக்குனாரு. அந்த ஜர்னைல் சிங் யாரு தெரியுமா அண்ணே? நம்ம ஸ்டாப்பர் பேக்கு!